கெளுத்தியைப் பங்கு போட்ட வீடு

மீன் என்றால் குழம்பில் கிடக்க வேண்டும் என்பது சாரா பீவியின் கட்சி. அது கண்ணாடித் தொட்டியில் கிடக்க, எதிரே ஒரு மனுஷன் நாற்காலி போட்டு உட்கார்ந்து மணிக்கணக்கில் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு அவள் வைத்த பேர் வேறு. அந்த மனுஷன் அவள் புருஷன் கலீல். பெரிய கடை வீதியில் பூட்டும் குடையும் விற்கிறவர். ஐம்பது வயதாகித் தலை நரைத்த ஆம்பளை செய்கிற காரியமா இது என்று அவள் கேட்காத நாள் இல்லை.

மீனாவது விரால், வாளை என்று மதிப்பான மீனா என்றால் அதுவுமில்லை. கெளுத்தி. விரல் நீளம்கூட இல்லாத, புள்ளி போட்ட, மீசை வைத்த கெளுத்தி. காந்தி மார்க்கெட்டில் கூறு கட்டி வைத்தால் பூனைக்குக்கூட யாரும் வாங்க மாட்டார்கள். பினாங்கில் இருக்கிற மாமா மகன், ஊருக்கு வந்த ஒருவர் கையில் தகர டின்னில் தண்ணீர் ஊற்றி ஆறு மீன் கொடுத்தனுப்பியிருந்தான். கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கி ரயிலேறித் தென்னூர் வந்து சேர்ந்தும் ஆறும் உயிரோடிருந்தன. சாராவுக்கு அதில்தான் கொள்ளை எரிச்சல்.

கூடவே ஒரு கடிதமும் வந்தது. வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லாருக்கும் கலீல் அதை வாசித்துக் காட்டினார். "இந்த மீன் யாரோடயும் சண்டை போடாது. எப்பவும் கூட்டமாத்தான் இருக்கும். அஞ்சாறு சேர்ந்திருந்தாத்தான் தைரியமா மேயும். தயவுசெஞ்சு பிரிச்சுடாதீங்க." வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். "பாருங்க, வாயில்லா ஜீவனுக்கு இருக்கிற ஒத்துமையை" என்பார். கேட்டுக்கொண்டிருக்கும் சாரா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஏனென்றால் இந்த ஒற்றுமைப் பிரசங்கி சொந்த அண்ணனோடு பேசி ஏழு வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் ஜமால் சீமையில் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். மார்க்கெட்டில் வெங்காய மண்டி. அவர்கள் அத்தா மவுத்தாகிக் கண்ணை மூடியதும் ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டார்கள். கட்டில் ஆளுக்கொன்று, அண்டா ஆளுக்கொன்று என்று பங்கு போட்டு வந்தவர்கள் ஆட்டுக்கல்லுக்கு வந்ததும் முறைத்துக்கொண்டார்கள். கடைசியில் கல் ஜமாலுக்கு, குழவி கலீலுக்கு. மாவாட்ட இரண்டு பேராலும் முடியாது, ஆனால் நியாயம் கிடைத்துவிட்டது. கிணற்றின் மேலும் சுவர் போயிற்று. தண்ணீரை வெட்ட வகை தெரியாததால் அது மட்டும் தப்பித்தது.

இந்தக் கூத்தெல்லாம் ஆம்பளைகளோடு தொலைந்திருந்தால் சாரா தலையில் அடித்துக்கொண்டு சும்மா இருந்திருப்பாள். நடுவில் மைமூன் மாட்டிக்கொண்டாள். மகளுக்கு இருபத்திரண்டு முடிந்திருந்தது. அண்ணன் தம்பிப் பகையைக் கேள்விப்பட்டே இரண்டு இடம் தட்டிப்போனது. இப்போது உறையூரிலிருந்து கேட்டு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், நல்ல குடும்பம். மைமூனுக்குப் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, அந்தப் பேச்சு வந்தால் அடுப்படியில் பாத்திரம் கை நழுவி விழும், அவ்வளவுதான். ஆனால் மாப்பிள்ளையின் தகப்பனார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். "வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு பேசி முடிக்க வர்றோம். பொண்ணோட பெரியத்தாவும் சபையில இருக்கணும். இல்லேன்னா மன்னிச்சுக்குங்க, வேற இடம் பார்த்துக்கறோம்."

அன்றைக்கே சாரா கேட்டாள். "ஒரு எட்டு போயி உங்க அண்ணனைக் கூப்பிட்டுட்டு வாங்க. நாலு படிதான்."

"அவரு வாசப்படியை மிதிச்சா என் காலை வெட்டிப் போட்டுடு" என்றார் கலீல்.

"மகளுக்காக."

"மகளுக்காக உசிரைக் கூடத் தருவேன். அந்தப் படி ஏற மாட்டேன்."

உயிரை யார் கேட்டது. நாலு படி ஏறச் சொன்னால் உயிரைத் தருகிறாராம். அந்தப் பக்கம் ஜமாலும் லேசுப்பட்டவரில்லை. "தம்பி நேர்ல வந்து கூப்பிட்டா வர்றேன், இல்லேன்னா என் பொணம்கூட அங்க வராது" என்று அவர் சொன்னதைக் கிணற்றடியில் ஓரகத்தி ஷரீபா வந்து சொன்னாள். கிணற்றின் மேல் சுவர் மார்பளவுதான். ஆம்பளைகள் அறியாமல் அந்த வழியாகத்தான் ஏழு வருஷமாகக் குழவி போவதும் மாவு வருவதும்.

சரியாக அந்த வாரம் பார்த்து ஜமாலுக்குப் பினாங்கிலிருந்து தனிக் கடிதம் வந்தது. "உங்க ரெண்டு பேருக்கும் அனுப்பின மீன் சௌக்கியமா" என்று மாமா மகன் கேட்டிருந்தான். பாவம், வீடு பிரிந்த சேதி அவனுக்குத் தெரியாது. அந்த வெட்கக்கேட்டைக் கடல் தாண்டி யார் எழுதுவது. ஜமால் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு நேராக ஜமாத்தில் பெரிய மனுஷரான காஜா மைதீனிடம் போனார். ஆறில் மூன்று தனக்கு வந்தாக வேண்டும் என்றார்.

மறுநாள் காலை தெருவில் பஞ்சாயத்து. இவர் அவர் வீட்டுக்குள் போக மாட்டார், அவர் இவர் வீட்டுக்குள் வர மாட்டார் என்பதால் மீன்களை அண்டாவில் ஊற்றித் தெரு நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். பஸ்ஸுக்குப் போகிறவர்களெல்லாம் நின்று எட்டிப் பார்த்தார்கள். நடுவில் காஜா மைதீன், கையில் டீ வடிகட்டி.

"ஒண்ணுக்கு மீசை அறுந்திருக்கு பாய். அது என் பங்குல விழக் கூடாதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றார் ஜமால். தம்பி இரண்டு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இருக்கறதுலேயே பெரிசை அவரு எடுத்துக்கிட்டா மீசை அறுந்ததையும் சேர்த்துத்தான் எடுக்கணும்னு சொல்லுங்க பாய்" என்றார் கலீல்.

காஜா மைதீன் அரை மணி நேரம் துழாவினார். கெளுத்தி முள் வடிகட்டியில் சிக்கிக்கொண்டது. எடுக்கப் போனவர் விரலில் ஒரு குத்து. மனுஷர் உதறிக்கொண்டே மூன்றை ஜமாலின் வாளியில் போட்டார், மூன்றை அண்டாவில் விட்டார், விரலை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார். சாரா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிக்காதே என்று எழுதியவனின் கடிதத்தையே காட்டிப் பிரித்துக்கொண்ட இந்த இரண்டு பேருக்கும் ஒரே தாய் பால் கொடுத்தாளே, அவள் என்ன பாவம் செய்தாளோ என்று நினைத்தாள்.

அன்றிலிருந்து இந்த வீட்டு மூன்றும் கல்லுக்கடியில் போய் ஒண்டிக்கொண்டன. முன்பெல்லாம் ஆறும் மூக்கோடு மூக்கு வைத்து மணலைக் கிளறிக்கொண்டு தொட்டியைச் சுற்றி வரும். நடுவில் ஒன்று விருட்டென்று மேலே போய்க் காற்றைக் குடித்து வந்தால் மற்றதும் வரிசையாகப் போய்க் குடித்து வரும். இப்போது ஒன்றும் அசையவில்லை. புழுப் போட்டால் புழு அப்படியே நெளிந்துகொண்டிருந்தது. கலீல் டவுன் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய், அம்மா மண்டபத்துப் படித்துறையிலிருந்து ஒரு பை காவிரி மணல் அள்ளிவந்து, சாராவின் மாவுச் சல்லடையில் சலித்துப் புதிதாகப் பரப்பினார். பருமணல் என்றால் மீசை தேய்ந்துவிடுமாம். "இருபத்தஞ்சு வருஷமா பாத்திரம் தேய்ச்சு என் உள்ளங்கை தேய்ஞ்சு கெடக்கு. அதுக்கு யாரும் ஒரு கைப்பிடி மணல் சலிக்கலை" என்றாள் அவள். அவர் காதில் விழவில்லை.

புதன்கிழமை மத்தியானம், இந்த வீட்டுப் பங்கில் விழுந்திருந்த மீசை அறுந்தது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, செவுள் மட்டும் அசைந்தது. கலீல் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். கண்ணில் தண்ணீர். மகளுக்கு இரண்டு சம்பந்தம் தட்டிப்போனபோது தட்டைத் தள்ளாத மனுஷர். இரண்டாவது இடம் தட்டிய அன்றைக்கு ஆட்டுக்கறி, மூக்கு முட்டச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை காலை கிணற்றடியில் ஷரீபாவும் அதே கதையைத்தான் சொன்னாள். "இங்க மட்டும் என்ன வாழுது சாரா. உங்க வீட்டுதைவிட ஒரு சாண் பெரிய தொட்டியா செஞ்சு வெச்சிருக்காரு. மூணும் மூலையில பதுங்கிக் கெடக்கு. இவரு தொழுகையிலகூட அந்தப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்க்கறாரு."

சாரா ஒன்றும் யோசிக்கவில்லை. யோசித்துச் செய்திருந்தால் அவளைக் கெட்டிக்காரி என்று சொல்லலாம். அவளுக்கு வெறுத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். உள்ளே போய்த் தூக்குவாளியில் மூன்றையும் பிடித்துக்கொண்டு வந்து சுவருக்கு மேலே நீட்டினாள். "இந்தாங்கக்கா. அதுங்களாவது ஒண்ணா இருந்துட்டுப் போகட்டும்."

மத்தியானம் கலீல் வந்தார். செருப்பைக் கழற்றியதும் வழக்கம்போலத் தொட்டிப் பக்கம்தான் போனார். வெறும் மணல்.

"எங்கடி?"

"உங்க அண்ணன் வீட்டுல."

"யாரைக் கேட்டுக் கொடுத்தே?"

"யாரையும் கேட்கலை. வேணும்னா போய் வாங்கிக்குங்க. நாலு படிதான்."

அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தாள். அவர் அவளைப் பார்க்கக்கூட இல்லை. தொப்பி இல்லை, காலில் செருப்பில்லை, மேல்சட்டைப் பொத்தான் இரண்டு கழன்றிருந்தது, அப்படியே விறுவிறுவென்று வாசலில் இறங்கி, அடுத்த வாசலில் ஏறினார். ஏழு வருஷமாக ஏற மாட்டேன் என்று சபதம் போட்டிருந்த படி. வெட்டச் சொன்ன காலாலேயே ஏறினார். வெட்டுக்குத்து ஆகிவிடப் போகிறது என்று பதறிச் சாராவும் மைமூனும் பின்னாலேயே ஓடினார்கள்.

உள்ளே சத்தமே இல்லை. தொட்டிக்கு எதிரே ஜமால் குந்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கலீல் நின்றார். தொட்டிக்குள்ளே ஆறும் ஒன்றாகச் சேர்ந்து மணலைக் கிளறிக்கொண்டு ஊர்கோலம் போய்க்கொண்டிருந்தன. மீசை அறுந்தது கடைசியில். ஒன்று மேலே போய்க் காற்றைக் குடித்தது. மற்றதும் போயின.

கொஞ்ச நேரம் கழித்துக் கலீலும் குந்தினார்.

"மணல் பருமணலா இருக்குண்ணே" என்றார்.

"மார்க்கெட்டுல கொத்தனார்கிட்ட வாங்கினது. நீ எங்க எடுத்தே?"

"அம்மா மண்டபத்துல. சலிச்சுப் போட்டா நல்லாருக்கும். நாளைக்கே கொண்டாரேன்."

"கொண்டா. ராத்திரி இதுகளுக்குத் தொட்டியை மூடணுமா?"

"வேணாம்ணே, காத்து வேணும்."

ஏழு வருஷம். இரண்டு சம்பந்தம். பெண்கள் இரண்டு பேரும் திருட்டுத்தனமாகக் கைமாற்றிய மாவு எத்தனை படி. அத்தனையும் ஒரு கைப்பிடி மணலில் தீர்ந்துபோயிற்று. சாராவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு துப்ப வேண்டும் போலிருந்தது. கலீல் எழுந்துகொள்ளும்போது போகிற போக்கில் சொன்னார். "அப்படியே நாளைக்கு உறையூர்க்காரங்க வராங்க. ஜும்ஆ முடிஞ்சு வந்துடுங்க."

"வர்றேன், வர்றேன்" என்றார் ஜமால், தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்தப் பெரிசைப் பாரு, எப்படி முன்னால போகுது."

சாரா பெருமூச்சு விட்டுத் திரும்பினாள். மைமூன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாம்மா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்று சாரா கையைப் பிடித்தாள். மைமூன் வந்தாள். வாசல் வந்ததும் கையை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் வந்தார்கள். கூடத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே பாயில் உட்கார்ந்து உறையூர்க்காரர்களை வரவேற்றார்கள். தேதி குறித்தார்கள். உள் அறையில் பெண்கள். மைமூன் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சர்பத் தட்டோடு நின்றாள். மாப்பிள்ளையின் தாயாருக்கு மனசு நிறைந்துபோயிருந்தது. மைமூனின் முகவாயைத் தொட்டு, "உனக்காக உங்க அத்தா ஏழு வருஷத்துப் பகையை விட்டுக் கொடுத்திருக்காரு. எந்தத் தகப்பன் செய்வாரு? பெரிய மனசு" என்றாள்.

"எனக்காக இல்லீங்க மாமி" என்றாள் மைமூன். "மீனுக்காக."

அந்த அம்மாள் கலகலவென்று சிரித்தாள். "அடி வாயாடி, நல்லாத்தான் பேசறே" என்றாள். கூடத்துப் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா, மீனுக்காகத்தான் அண்ணன் தம்பி சேர்ந்தாங்களாம், பொண்ணு சொல்லுது" என்று உரக்கச் சொன்னாள். கூடத்திலும் சிரிப்பு எழுந்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் கலீல். "மறைப்பானேன், அதுதான் நெசம். மீனுக்காகத்தான்" என்று தொடையில் தட்டிக்கொண்டு சொன்னார். வாருங்கள் காட்டுகிறேன் என்று சம்பந்தியை ஜமால் வீட்டுக்கு அழைத்துக்கொண்டும் போனார்.

அந்தச் சிரிப்பில் சேராதவர்கள் சாராவும் மைமூனும்தான். அத்தா போன வாசலையே பார்த்துக்கொண்டு மைமூன் தட்டோடு நின்றாள். சாரா தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு மகள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.