கழுவினாற்போல ஒரு தட்டு

டாக்டர் வரதராஜுலு சீமையில் இருந்தது எட்டு மாதம். அதைப் பற்றிப் பேசத் தொடங்கி நாலு வருஷம் ஆயிற்று, இன்னும் பேசி முடியவில்லை. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், ஒரு பட்டு வியாபாரி தன் பாவங்களுக்குப் பரிகாரமாகக் கட்டிவிட்ட தர்ம ஆஸ்பத்திரியில் அவர்தான் பெரிய டாக்டர். சின்ன டாக்டர் என்று யாரும் கிடையாது.

ஆந்திரா பிரிந்துபோன மறு வருஷம் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் ரங்கம்மா தன் புருஷன் கங்கப்பனை மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு வந்தாள். குருபரப்பள்ளியில் கிணறு வெட்டுகிற ஆள் அவன். கழுத்தின் இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் போலக் கட்டிகள். பத்துப் போட்டாயிற்று, சூடு வைத்தாயிற்று, மாரியம்மனுக்குச் சேவலும் அறுத்தாயிற்று. சேவல் கறி ருசித்ததே தவிரக் கட்டி அசையவில்லை. டாக்டர் அந்தக் கழுத்தைத் தடவிப் பார்த்து, சந்தையில் நல்ல பிஞ்சுக் கத்தரிக்காயைக் கண்டவர் மாதிரி முகம் மலர்ந்தார்.

"புற்று. ஆனால் பயப்படாதே. சீமை மருந்து என்னிடம் இருக்கிறது" என்றார்.

போன யுத்தத்தில் மனிதரைக் கொல்லச் செய்துவைத்த விஷப்புகைக்கு அந்த மருந்து ஒன்றுவிட்ட தம்பி. அதை ஊசியில் ஏற்றினால் கட்டி கரையும் என்பது டாக்டரின் வாக்கு. கரையவும் செய்தது, அதை இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் ஊசி ஏறிய சற்று நேரத்தில் கங்கப்பனுடைய குடல் வாய் வழியாக வெளியே வரப் பார்க்கும். முதலில் சோறு, அப்புறம் தண்ணீர், அப்புறம் மஞ்சளும் பச்சையுமாக நூல் நூலாகப் பித்தம். கட்டிலுக்கடியில் இருக்கிற ஏனத்தை எடுத்து ஏந்துவதும், கொண்டுபோய்க் கொட்டுவதும், கழுவிக்கொண்டு வருவதும் ரங்கம்மாவின் வேலை. அந்த நாற்றம் பினாயில் நாற்றத்தோடு சேர்ந்து அவள் சேலைத் தலைப்பில் குடித்தனம் வைத்துவிட்டது.

டாக்டருக்கு வாந்தியில் அக்கறை இல்லை. அவருடைய அக்கறையெல்லாம் சாப்பாட்டில். ஊசி போட்டுக்கொள்கிற நோயாளி எவ்வளவு தின்கிறான் என்று அளந்து கட்டுரை எழுதி, சென்னையில் பெரிய சபையில் வாசிக்கப் போகிறார். அதற்காகப் பெங்களூரிலிருந்து ஒரு பித்தளைத் தராசு வந்திறங்கியது. சமையல்கட்டிலிருந்து போகும்போது தட்டை நிறுப்பார்கள். திரும்பி வரும்போதும் நிறுப்பார்கள். போனது இவ்வளவு, வந்தது இவ்வளவு. நடுவில் காணாமல் போனது நோயாளியின் வயிற்றில் இருக்கிறது. சாஸ்திரம் அவ்வளவுதான்.

தட்டை நிறுத்துக் கொடுக்கிற வார்டு ஆள் முனிவேல், முன்பு மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவன். அவன் ரங்கம்மாவிடம் முதல் நாளே சொன்னான்:

"இங்கேயும் அங்க மாதிரிதான் மே. தீனிய நிறுத்துதான் போடுவாங்கோ. ஆனா பண்ணையில பின்னால உழுற சாணியையும் பாப்பாங்கோ."

"இங்க?"

"இங்க முன்னால மட்டுந்தான். ஒண்ணு காதுல போட்டுக்க. தட்டு நெறையத் திரும்பி வந்தா ஊசிய நிறுத்திருவாரு. திங்காதவனுக்கு ஊசி இல்லைன்னு சட்டம்."

ஊசியை நிறுத்தினால் திரும்பவும் மாட்டுவண்டி, திரும்பவும் குருபரப்பள்ளி, அப்புறம் சுடுகாடு. ரங்கம்மாவுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

தட்டு வந்தது. குழைந்த சோறு, வேகவைத்த முட்டை, ஆடை மிதக்கிற பால், சீமை ரொட்டி. வாழ்நாளெல்லாம் களி உருண்டையை மெல்லாமல் விழுங்கி வளர்ந்த தொண்டைக்கு ரொட்டி பஞ்சுபோல அடைத்தது. வீட்டிலிருந்து கேழ்வரகுக் கூழ் கொண்டுவரட்டுமா என்று அவள் கேட்டதற்கு, கணக்கில் வராத தீனி வார்டுக்குள் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கங்கப்பன் இரண்டு வாய் அள்ளினான். மூன்றாவது வாய்க்குக் கை எழவில்லை.

"சாலு மே" என்று தட்டை அவள் பக்கம் தள்ளினான். போதும் என்றால் அந்த வீட்டில் 'சாலு'தான்.

புருஷன் தின்ற தட்டில் பெண்டாட்டி உட்காருவது அவர்கள் வழக்கம். தட்டைக் கழுவமாட்டார்கள். அவன் ஒரு வாயாவது மிச்சம் வைக்காமல் எழுந்தால் வீட்டில் சண்டை என்று அர்த்தம். துணைக்கு இருக்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் சோறும் கிடையாது. ரங்கம்மா தட்டை இழுத்துக்கொண்டாள். தின்றாள். விரலால் வழித்து நக்கினாள். தட்டு கழுவினாற்போலத் திரும்பிப் போயிற்று.

முதல் நாள் அழுதுகொண்டே தின்றாள். போகப் போக அழுகை நின்றது. அதற்கும் அப்புறம், சொல்லவே வாய் கூசுகிறது, முட்டை ருசிக்க ஆரம்பித்தது. ஒரு கையில் அவன் வாந்திக்கு ஏனம் பிடித்துக்கொண்டிருப்பாள், கண் மட்டும் தட்டில் இருக்கும், ஆறிப்போகிறதே என்று. அவளுடைய கன்னம் உப்பியது. அவனுடைய கன்னம் பல்லில் ஒட்டியது. ரவிக்கை இறுக்குவதைக் கண்டபோது, தன் உடம்பே ஏதோ பன்றி உடம்பு மாதிரி அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அடுத்த வேளைத் தட்டு வந்தால் வாயில் எச்சில் ஊறியது.

அப்போதுதான் சேலத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி ஆஸ்பத்திரியைப் பார்வையிட வந்தார். வார்டு நடுவில் மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பித்தளைத் தராசைப் புளி போட்டுத் துலக்கி வைத்தார்கள். தராசுக்குச் சாமந்தி மாலை. நோயாளிகளுக்குப் புதுப் போர்வை. அதிகாரி போனதும் திருப்பித் தந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அதிகாரி கங்கப்பன் கட்டிலருகே வந்தார். தலைமாட்டில் ரங்கம்மா ஒதுங்கி நின்றாள்.

"இவன்தான் என் ஆராய்ச்சியின் சிகரம்" என்றார் டாக்டர். "வந்த நாளிலிருந்து இவன் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் கிடையாது!"

அதிகாரி போர்வைக்கடியில் இருந்த எலும்புகளைப் பார்த்தார். "ஆள் ரொம்ப இளைச்சிருக்கானே, டாக்டர்?"

"கட்டி கரைகிறது அல்லவா? அந்த எடைதான் குறைகிறது."

"கட்டி அவ்வளவு எடையா இருந்ததா?"

"சீமையில் இதைவிடப் பெரியதெல்லாம் பார்த்திருக்கிறேன்" என்றார் டாக்டர். அதற்குமேல் யாரால் பேச முடியும்?

பிறகு அவர் தராசைத் தொட்டுக்கொண்டு பிரசங்கத்துக்கு வந்தார். "ஏன் அளக்கிறோம்? தின்னாத உடம்பில் இந்த மருந்து ஏறினால், கட்டியைத் தின்னாது, ஆளையே தின்றுவிடும். ரத்தம் சுண்டிப் போகும். தின்கிறவனுக்குத்தான் தைரியமாக ஏற்றலாம். கங்கப்பன் நன்றாகத் தின்கிறான். ஆகவே இன்றைக்கு, தங்கள் முன்னிலையில், இவனுக்கு இரட்டை அளவு கொடுக்கப் போகிறேன்."

யாரோ கைதட்டினார்கள். ரங்கம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. திங்காதவனுக்கு ஊசி இல்லை என்பது தண்டனை என்றல்லவா நினைத்திருந்தாள்? அது காவல். அந்தக் காவலை வேளாவேளைக்கு வழித்து நக்கினவள் அவளேதான்.

டாக்டர் ஊசியைக் கையில் எடுத்தார். ரங்கம்மா குனிந்தாள். கட்டிலுக்கடியில் காலையிலிருந்து நிரம்பியிருந்த ஏனத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், மாலை போட்ட தராசின் தட்டில் வைத்தாள்.

"இதையும் நிறுங்க சாமி."

தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஏனத்திலிருந்து பச்சையும் மஞ்சளுமாக வழிந்து வெள்ளைத் துணியில் பரவி, சாமந்தி மாலையை நனைத்து, மேஜை விளிம்பில் சொட்டியது. அதிகாரி இரண்டடி பின்னால் குதித்து முனிவேலின் காலை மிதித்தார்.

"தராசு! என் தராசு!" என்று கத்தினார் டாக்டர். அவருக்கு முதலில் வந்த வார்த்தை அதுதான்.

"தட்டுல வந்ததையெல்லாம் நாந்தான் தின்னேன் சாமி. ஒரு பருக்கை உடாம தின்னேன். அந்த ஆளு தின்னது வேளைக்கு ரெண்டு வாய். அதுவும் இதுலதான் கெடக்குது. ஊசி வாணாம் சாமி. எனக்குப் போடுங்க, நாந்தான் தின்னவ."

"பொய்! கட்டுரை அச்சுக்குப் போயாகிவிட்டது" என்றார் டாக்டர், அது ஒரு சாட்சி மாதிரி.

அதிகாரி கைக்குட்டைக்குள்ளிருந்தே பேசினார். "டாக்டர், அந்தப் பொம்பளையப் பாருங்க. இவனையும் பாருங்க. இதுக்குத் தராசு வேணுமா?"

ஊசி திரும்பவும் பெட்டிக்குள் போயிற்று. டாக்டர் ஒரே ராத்திரியில் தேறிவிட்டார். நோயாளியின் துணை ஆட்களால் உணவு அளவில் உண்டாகும் பிழை என்று புதுக் கட்டுரை. அந்தப் பிழையைக் கண்டுபிடித்தவர் சாட்சாத் டாக்டர் வரதராஜுலு. கங்கப்பன் உடம்பு தேறுகிறவரையில் ஊசி இல்லை, கூழ் கொடுக்கலாம் என்று போகிற போக்கில் உத்தரவு. தேறாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை.

சமையல்கார நஞ்சம்மா கூழ் காய்ச்சி மோர் கரைத்துக் கொடுத்தாள். கூடவே, "நீயும் ரெண்டு வாய் தின்னு" என்று பழைய தட்டில் ஒரு முட்டையை வைத்து நீட்டினாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் ரங்கம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

கங்கப்பன் படுத்தபடியே அவளைப் பார்த்தான். "முட்ட நல்லா இருந்திச்சா மே?"

அவளுக்கு உடம்பு கூசிற்று. "உனக்குத் தெரிஞ்சுதான் இருந்திச்சா?"

"தட்டைத் தள்ளுனவன் நான். உள்ள இருக்கறது தெரியாதா? நீயாச்சும் தின்னட்டும்னுதான்."

"வாய மூடிக் குடி" என்றாள்.

வாயை மூடிக்கொண்டு எப்படிக் குடிப்பது என்று அவன் சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது. மூன்று மடக்கு உள்ளே போயிற்று. ரங்கம்மா கழுவிய ஏனத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவன் தொண்டையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.