ரவுண்டானாவுக்கு அப்பால்

நகரத்தின் எல்லையில் ஒரு ரவுண்டானா உண்டு. ஊர்ச் சாலை அங்கே முடிந்து கடலோரச் சாலை தொடங்குகிறது. வண்டி பழகுகிறவர்களை அதுவரை ஓட்டவிட்டு, அதைச் சுற்றித் திருப்பிக் கூட்டிவருவதுதான் அந்தக் கணவனும் மனைவியும் நடத்திய பயிற்சிப் பள்ளியின் வழக்கம். சுற்றித் திரும்பும்போது இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு துண்டு கடல் தெரியும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் மாணவர் கியரில் தடுமாறுவார், பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரனை அலறவிடுவான். கடலைப் பார்க்க யாருக்கு நேரம்? அந்தத் துண்டுக் கடலுக்கு முதுகைக் காட்டியே பாதி ஆயுசு போய்விட்டது.

ஆண்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தார். எல்லோருக்கும் அவர் சார். பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்தாள். எல்லோருக்கும் அவள் டீச்சர். விளையாட்டாக ஆரம்பித்து, வீட்டிலும் அப்படியே கூப்பிட்டுக்கொள்வது நிலைத்துவிட்டது.

டீச்சரின் வலது கால் கொஞ்ச காலமாகச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒருநாள் செருப்பு கழன்று வாசலிலேயே கிடக்க, அது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு தெருமுனை வரை போய்விட்டு வந்தாள். அன்று இருவரும் சிரித்தார்கள். பிறகு டாக்டரிடம் போனார்கள். நரம்பு, என்றார் டாக்டர். முதலில் உணர்ச்சி போகும், அப்புறம்தான் பலம் போகும், போனது திரும்பாது. வண்டியைக் கூடிய சீக்கிரம் விட்டுவிடுவது நல்லது என்று, தன் மேஜையைப் பார்த்தபடி சொன்னார்.

மறுநாளே அவள் வகுப்பை நிறுத்திக்கொண்டாள். அழவில்லை, புலம்பவில்லை. அவருக்கு அதுதான் பயமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டே, துணியை மடக்கி மடக்கித் துடைத்த இடத்தையே துடைத்தபடி சொன்னாள்:

"ஒரே ஒரு நாள் அந்த ரவுண்டானால திரும்பாம நேரா போகணுங்க. நான் ஓட்டணும்."

அவர் மறுத்துப் பார்த்தார், மறுப்பில் உயிர் இல்லை. அவள் மேஜையிலேயே பயணத்தை விரித்துவிட்டாள். உப்புக் கிண்ணம் ரவுண்டானா, தண்ணீர் ஜக்கு கலங்கரை விளக்கம், நடுவில் ஈரத் துணியை வளைத்து வளைத்துப் போட்டால் அதுதான் சாலை. வார நாளில் போக வேண்டும். விடுமுறை நாளில் பைக்கில் வருகிற பிள்ளைகள் கண்மண் தெரியாமல் பறப்பார்கள். ரவுண்டானா வரை அவர் ஓட்டுவார். அங்கிருந்து கலங்கரை விளக்கம் வரை அவள். அங்கே சாப்பிட்டுவிட்டு அவர் திருப்பிக் கொண்டுவர வேண்டும். எந்த வளைவுக்குப் பிறகு பாறை வரும், எங்கே படகுத்துறை தெரியும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. லைசென்ஸ் வாங்கிய கையோடு மாணவிகள் போகிற முதல் இடம் அந்தச் சாலைதான். போய்வந்து படம் காட்டுவார்கள். சொல்லிக்கொடுத்தவள் மட்டும்தான் போனதில்லை.

வெளியூரிலிருந்த மகள் போனில் கேட்டுவிட்டு, ரெண்டு வாத்தியாரும் ஒரே வண்டியில் ஏறினால் வண்டி என்ன பாவம் செய்தது என்று சிரித்தாள். அப்புறம் அப்பாவிடம் தனியாகப் பேசினாள்.

"அப்பா, அம்மாவுக்குத் தெரியாம நீங்க பிரேக்ல காலை வச்சுக்கங்க."

அதில்தான் ஒரு சிக்கல் இருந்தது. பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. சொல்லிக்கொடுப்பவர் அதை மிதித்தால் ஓட்டுபவரின் பிரேக்கும் சேர்ந்து கீழே இறங்கும். கூடவே டாஷ்போர்டில் ஒரு சின்னச் சிவப்பு பல்ப் எரியும். அந்த பல்ப் டீச்சரின் பிடிவாதத்தால் வந்தது. வண்டியை நிறுத்தியது யார் என்று பழகுகிறவளுக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் தனக்கு ஓட்ட வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு தெருவில் இறங்கி எவன் மேலாவது ஏற்றிவிடுவாள் என்று அந்தக் காலத்திலேயே சண்டை போட்டு வைக்கச் செய்தாள்.

கிளம்புவதற்கு முந்தின மாலை, வண்டியைத் துடைக்கிற சாக்கில் அவர் அந்த பல்பைத் திருகிக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பல்ப் போனாலும் பெடல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். பள்ளி தொடங்கிய புதிதில், அவள் ஓட்டும்போது அவர் தன் பக்கத்துப் பிரேக் மேல் சும்மா ஷூவை வைத்தாலே, "காலை எடுங்க சார்" என்று திரும்பாமல் சொல்லுகிற ஆள் அவள். கண்டுபிடித்தால் திட்டுவாள், திட்டட்டும் என்று இருந்தார்.

ரவுண்டானாவில் ஓரங்கட்டி இடம் மாறினார்கள். அவள் இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, மாணவிகளுக்குச் சொல்வதை எல்லாம் வரிசை பிசகாமல் செய்தாள். வண்டி ரவுண்டானாவைச் சுற்றாமல் நேராகப் போனது. கட்டடங்கள் விலகின. துண்டாகவே பார்த்திருந்த கடல் முழுசாக வந்து நின்றது.

"அடேயப்பா, இவ்வளவு இருந்துதா?" என்றாள்.

சாலை காலியாகக் கிடந்தது. அவள் நிதானமாகத்தான் ஓட்டினாள். கை பழைய கை, கண் பழைய கண். முதல் வளைவில் மட்டும் வண்டி வேகம் குறைய வேண்டிய இடத்தில் குறையவில்லை. அவர் எட்டிப் பார்த்தார். அவள் கால் பிரேக் மேல் இருந்தது, அழுத்தவில்லை. அழுத்திக்கொண்டிருப்பதாக அவள் நினைத்தாள். அவர் தன் பிரேக்கை மெல்ல மிதித்தார். அவள் பாதத்துக்கு அடியிலிருந்த பெடல் கீழே இறங்கியது. அவர் திட்டுக்காகக் காத்திருந்தார்.

திட்டு வரவில்லை. வளைவு முடிந்து சாலை நேரானதும் அவள் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா, வழுக்கிட்டு வந்த மாதிரி திரும்புது."

அடுத்த வளைவில் அவர் வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தி மிதித்தார். எந்த மாணவியாக இருந்தாலும் துள்ளியிருப்பாள். அவளுக்குத் தெரியவில்லை. டாக்டர் சொன்னபோது அவர் காதில் விழுந்தது வெறும் வார்த்தை. இப்போது தன் காலால் அதைத் தொட்டுவிட்டார். அவள் பாறையைக் காட்டினாள், படகுத்துறையைக் காட்டினாள், தண்ணீரின் நிறம் ஓரிடத்தில் மாறுவதைக் காட்டினாள். அவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார். அவர் பார்த்ததெல்லாம் சாலையும் அவள் பாதமும்தான்.

கலங்கரை விளக்கத்தின் அடியில் வண்டி நின்றது. அவர் நிறுத்தினார். அவள் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு, காற்றில் புடவை படபடக்க நின்றாள். மதில்சுவரில் உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றி அவரிடம் நீட்டினாள். நோய்க்கு முன்னால் இருந்த பேச்சு அவளுக்குத் திரும்பி வந்திருந்தது. எதிர்வீட்டுக்காரி ரிவர்ஸ் எடுத்துத் தன் வீட்டு கேட்டையே இடித்த கதையை, அந்தப் பெண்ணைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு, நடித்துக் காட்டினாள். அவரும் சிரித்தார். இந்த ஒரு நாள் இப்படியே போய்விட்டால் போதும் என்று நினைத்தார். யாருக்கு என்ன நஷ்டம்?

"டாக்டர் சும்மா பயமுறுத்திட்டாருங்க," என்றாள், முட்டை ஓட்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே. "அத்தனை வளைவு, ஒண்ணுலயாவது தடுமாறினேனா? திங்கக்கிழமையிலேர்ந்து மறுபடி க்ளாஸ் எடுக்கறேன். அந்த நர்ஸ் பொண்ணு எனக்காகத்தான் காத்திருக்கா. இப்போ திரும்பிப் போறப்பவும் நானே ஓட்டறேன்."

அவர் டீயைக் கீழே வைத்தார். நர்ஸ் பெண்ணை அவருக்குத் தெரியும்; வேலைக்குப் போகும் வழியில் வருவாள், ரவுண்டானா என்றாலே கண்ணை மூடிக்கொள்வாள். அந்தப் பெண் பயத்தில் வண்டியை விட்டுவிடும் நொடியில் பக்கத்து இருக்கையில் இருக்கப்போவது இந்தக் கால்.

எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சட்டைப் பையில் கையை விட்டு பல்பை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் அதை விரலால் உருட்டிப் பார்த்தாள். அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கலங்கரை விளக்கத்தின் மேலே யாரோ பிள்ளைகள் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"எந்த வளைவுல?"

அவர் கலங்கரை விளக்கத்தை அண்ணாந்து பார்த்தார்.

"கேக்கறேன்ல சார்?"

"எல்லாத்துலயும்."

"கடைசில நிறுத்தினது?"

"நான்தான்."

அவள் குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். ஒரு நல்ல மாணவி முதல் முறை தோற்றுப்போகும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"எனக்குத் தெரியவே இல்லையேங்க," என்றாள். குரல் அவ்வளவு சின்னதாக அவர் கேட்டதில்லை. அவர் அவள் தோளில் கை வைக்கப் போனார். அவள் தட்டிவிடவில்லை, சாயவுமில்லை. மிச்சமிருந்த டீயைத் தரையில் கொட்டிவிட்டு, பிளாஸ்க்கை மூடினாள்.

வண்டிக்குப் போனதும் முதல் வேலையாக டாஷ்போர்டில் பல்பைத் திருகி மாட்டினாள். பிறகு சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

திரும்பி வரும்போது அவர் ஓட்டினார். பாறையும் படகுத்துறையும் அவள் சொன்ன வரிசைக்கு நேர்மாறாக வந்து போயின. அவள் எதையும் காட்டவில்லை. அவர் இப்போதுதான் கடலைப் பார்த்தார்.

முன்னால் ரவுண்டானா தெரிந்தது. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் ஊர், வீடு, திங்கட்கிழமை. வேகத்தைக் குறைக்க அவர் பிரேக் மேல் காலை வைத்தார். அவர் அழுத்துவதற்கு முன்பே பெடல் கீழே இறங்கியது. சிவப்பு பல்ப் எரிந்தது. அவர் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, அது அவளுடைய இடது கால், சொன்ன பேச்சைக் கேட்கிற கால்.

"காலை எடுங்க சார்," என்றாள் அவள், எதிரே பார்த்தபடி.

அவர் எடுத்துக்கொண்டார். வண்டி குலுங்காமல், ஒரு பக்கமும் இழுக்காமல், கடல் கடைசியாகத் தெரிகிற இடத்தில் ஓரமாக நின்றது. அவள் காலை எடுக்கவில்லை. பல்ப் எரிந்துகொண்டே இருந்தது.