சூடு ஆறுவதற்குள்

அண்ணன் மீன் வியாபாரி. எதுவானாலும் ஐஸில் போட்டால் கெடாது என்பது அவருடைய உலக ஞானம். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அண்ணியின் மலத்தை டப்பாவில் வாங்கியவர், வழியில் கடைக்குப் போய், சுற்றிலும் ஐஸ் அடைத்து நிதானமாக லேபுக்கு வந்து சேர்ந்தார்.

"கொஞ்சம்கூடக் கெடாம கொண்டாந்திருக்கேன், பாரும்மா."

லேபில் வேலை செய்யும் தங்கை டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். சில்லிட்டிருந்தது. ரத்தபேதி தரும் அமீபா உடம்புச் சூட்டில்தான் ஊரும். ஊர்ந்தால்தான் ஆளைக் கண்டுபிடிக்கலாம். குளிரில் சுருண்டுவிட்டால் அதற்கும் சீழ் அணுவுக்கும் வித்தியாசம் தெரியாது. மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். உருண்டை உருண்டையாக ஏதேதோ கிடந்தன. ஒன்றும் அசையவில்லை.

டாக்டர் போன் செய்தார். "அமீபா இருக்கா, இல்லையா? ரத்தமாப் போகுது. இல்லைன்னா வெறும் குடல் வீக்கம்தான், ஸ்டீராய்டு ஊசி போட்டுடறேன்."

இல்லை என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் அமீபா இருந்து, அந்த ஊசியும் ஏறினால், குடல் ஓட்டையாகிவிடும். அண்ணி பிழைப்பது கஷ்டம்.

"இது சரிப்படாது சார். கொஞ்சம் பொறுங்க, புதுசா ஒண்ணு பார்த்துட்டுச் சொல்றேன்."

"அரைமணி. அதுக்கு மேல என்னால முடியாது."

அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஓடுங்கண்ணா. அண்ணி வெளிக்குப் போன சூட்டோட வேணும். சட்டைக்குள்ள வச்சுக் கொண்டாங்க. கடைப் பக்கம் எட்டிப் பார்த்தீங்க, அப்புறம் என் முகத்துல முழிக்காதீங்க!"

அவர் போனதும் புதுக் கண்ணாடி ஸ்லைடை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிக்கொண்டே வாசலைப் பார்த்தாள். வழியில் கொட்டிவிட்டால்? டாக்டர் அவசரப்பட்டுவிட்டால்? பாழாய்ப்போன மனசு நல்லதாக ஒன்றையும் நினைக்கவில்லை.

அண்ணன் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். ஸ்லைடில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஸ்லைடை நகர்த்தினாள். அங்கேயும் இல்லை. மறுபடி நகர்த்தியபோது ஓர் உருண்டை விரல்போல ஒரு முனையை நீட்டி, அந்தப் பக்கமாகவே ஊர்ந்தது. அதன் வயிற்றுக்குள் விழுங்கிய ரத்த அணுக்கள்.

போனில் கத்தினாள். "ஊசி வேண்டாம் சார்! அமீபாதான். ஊருது!"

"ஊசியில மருந்தை ஏத்திட்டேம்மா," என்றார் டாக்டர். "நல்லவேளை, இன்னும் போடலை."

அண்ணன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். "ஐஸ் வச்சு நானே அவளைக் கொன்னிருப்பேன், இல்ல?"

அவள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்துகொண்டாள். ஸ்லைடில் சூடு ஆறி, அது அசையாமல் கிடந்தது.