திருநீறு தீர்ந்த வீடு

எங்கள் ஊர் சுருவிலில் நல்ல திருநீறு வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதற்கென்ன? ஒவ்வொரு சிவராத்திரிக்கும் எங்கள் பசுவின் சாணத்தை உருண்டை பிடித்துக் காயவைத்து, உமியால் மூடிச் சுட்டு, பழைய வேட்டித் துணியில் அரித்தெடுப்பேன். பிள்ளையார் கோயிலுக்குக் கொடுத்தது போக மிச்சம் ஒரு பெரிய பால்மாத் தகர ரின்னில் எங்கள் சாமியறையில் இருக்கும். அடுத்த சிவராத்திரி வரும் மட்டும் தாராளமாகக் காணும்.

என் மனுசன் போய்ச் சேர்ந்த பிறகு என் நெற்றிக்கென்று மிஞ்சியது அந்த நீறு ஒன்றுதான். பொட்டும் பூவும் போனால் போகட்டும், மூன்று குறி இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டவள் நான்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். மகன் சயந்தன் விடிய பஸ் பிடித்து யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போய்ப் பின்னேரம் வருவான். மருமகள் பிரியவதனி, எங்களுக்கு வதனி. முதல் முறை அவள் வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. இரண்டாம் முறை தங்கியதும் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடமாடினோம்.

அந்த நாட்களில்தான் வதனிக்குப் பக்தி முற்றியது. விடிய எழும்பினால் சாமியறை, சமைத்து முடித்தால் சாமியறை, விளக்கு வைக்க முதலே சாமியறை. நெற்றியில் பூசிய பிறகு விரலில் மிஞ்சும் நீற்றை நாக்கில் போடுவது இங்கே எல்லாரும் செய்வதுதான். அவளும் போடுவாள். எனக்கு மனம் குளிர்ந்து போயிற்று. அடுத்த வீட்டு அன்னப்பிள்ளையிடம் வேலிக்கு மேலால் சொன்னேன்.

"என்ர மருமகள் திருநீறு வாயிலை போடாமல் ஒரு வேலைக்கும் கை வைக்க மாட்டாள். உம்மட மருமகள் கோயில் வாசல் மிதிக்கிறவவே?"

அன்னப்பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. அதைப் பார்க்க எனக்கு நல்ல சந்தோசம்.

தை மாதம் ஒரு காலை எங்கள் பக்கத்து மிட்வைஃப் மிஸ்ஸி அன்ரனிட்டா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். அல்லைப்பிட்டி வேதக்காரப் பிள்ளை, கழுத்தில் சிலுவை, சிரித்த முகம். அன்றைக்குச் சிரிக்கவில்லை. வதனியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள், உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

"கிளினிக் றிப்போட்டிலை இரத்தம் ஏழுதான் இருக்கு. இரும்புச்சத்துக் குளிசை குடிக்கிறனீரே?"

"ஓம் மிஸ்ஸி. ஒருநாளும் விடுறேல்லை."

"பேந்து ஏன் ஏறுதில்லை? இப்பிடியே போனால் பிள்ளைப்பேறு நேரம் உமக்கும் ஆபத்து. பிள்ளையும் நாள் நிறைய முதல் பிறந்திடும்."

போன முறை ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தவளின் முதுகு கண்ணுக்குள் வந்து நின்றது. பயம் வந்தால் எனக்கு வாய் தானாகத் திறக்கும்.

"மிஸ்ஸி, என்ர பிள்ளையைக் கடவுள் கைவிட மாட்டார். நாள் முழுக்கத் திருநீறும் கையும்தான். பூசுறது மட்டுமில்லை, வாயிலையும் போடுவாள்."

அன்ரனிட்டா பேனாவை மூடி வைத்துவிட்டு வதனியைப் பார்த்தாள்.

"எவ்வளவு போடுறனீர்?"

வதனியின் பார்வை சாமியறைப் பக்கம் போயிற்று. நான் எழும்பிச் சாமியறைக்குப் போய் ரின்னைத் தூக்கினேன். வெறும் ரின். உள்ளே ஒரு தேக்கரண்டி கிடந்தது. சிவராத்திரிக்குப் பிறகும் மிஞ்சவேண்டிய நீறு!

ரின்னும் கையுமாக நான் வந்து நின்றதும் அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள்.

"மணந்தால் இருக்கேலாது மாமி. மழை பெய்ஞ்ச மண் மாதிரி ஒரு மணம். ஒரு சிட்டிகைதான் எண்டு போவன். பேந்து கரண்டியாலை அள்ளுவன். சாமிக்கு வைச்சதைத் திண்டு தீர்த்துப்போட்டன். அந்தப் பாவந்தான் என்ர இரத்தத்தைக் குடிக்குது."

"பாவமுமில்லை, பக்தியுமில்லை," என்றாள் அன்ரனிட்டா. "உடம்பிலை இரும்புச்சத்துக் குறைஞ்சால் சிலபேருக்கு இப்பிடி ஒரு ஆசை வரும். மண் தின்னிறவையும் இருக்கினம், சோக்குக்கட்டி தின்னிறவையும் இருக்கினம். பைக்கா எண்டு அதுக்குப் பேர். நினைச்ச உடனை நிப்பாட்டேலாது. ஆனால் சாம்பல் குளிசையை உடம்பிலை சேர விடாது. சத்துக் குறையக் குறைய ஆசை கூடும், தின்னத் தின்னச் சத்து இன்னும் குறையும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏசாதையுங்கோ அம்மா. ஏசினால் ஒளிச்சுத் தின்னுவா."

ஏசுவதற்காக நான் திறந்த வாயை அப்படியே மூடினேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும்.

உண்மையில் என்னை மறித்தது எங்கள் பசு. முந்தின வருசக் கோடையில் அது கொடியில் காய்ந்த, சயந்தன் இடுப்பில் கட்டும் சாரத்தைப் பாதி மென்று விழுங்கிவிட்டது. மாட்டு வைத்தியர் வந்து உப்புச்சத்துக் குறைவு என்று சொல்லி நக்குவதற்கு ஒரு கட்டி கொடுத்தார். நான் கட்டியைக் கட்டித் தொங்கவிட்டுப் பசுவின் கழுத்தைத் தடவிக் கொடுத்தேன். மாட்டுக்கு ஒரு நியாயம், மருமகளுக்கு ஒரு நியாயமா?

"சரி, அழுதது காணும். எழும்பி முகத்தைக் கழுவு," என்றேன். "இது இந்த வீட்டை விட்டு வெளியிலை போகாது. போச்சுதெண்டால் என்னைக் கேள்."

அன்றைக்கே சாமியறையைக் கழுவித் துடைத்தேன். அடுப்புச் சாம்பலைச் சுடச்சுட அள்ளிக் கொண்டுபோய்க் காணிக் கோடியில் குழி வெட்டித் தாட்டேன். குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் இடைவெளி விட்டேன், குளிசையைத் தேசிக்காய் பிழிந்த தண்ணியோடு கொடுத்தேன். ஈரலும் முருங்கையிலை வறையும் அவளுக்கு வெறுக்கும் மட்டும் சமைத்தேன். கிளினிக்கில் நரம்பு வழியாகவும் இரும்புச்சத்து ஏற்றினார்கள்.

ஆனால் ஆசை சொன்னவுடன் போகிற விருந்தாளியா? ஒரு பின்னேரம் சயந்தன் கோயிலால் வந்து கதிரையில் இருந்தான். வதனி அவனையே பார்த்தபடி நின்றாள்.

"உங்கட நெத்தியிலை மணக்குது," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "தயவு செய்து போய்க் கழுவுங்கோ."

அவன் எழும்பிக் கிணற்றடிக்குப் போனான். நான் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். சேலைத் தலைப்பை நனைத்து என் மூன்று குறியையும் துடைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, அழுதுவிட்டேன். என் முகம் எனக்கே யாரோ போல இருந்தது.

வெறும் நெற்றியோடு நான் வெளிக்கிட்டால் சுருவில் சும்மா இருக்குமா? கிழமை ஒன்று ஆகவில்லை, அன்னப்பிள்ளை வேலியடிக்கு வந்துவிட்டாள்.

"என்னடியப்பா சறோஜினி, நெத்தி வெளிச்சுக் கிடக்கு? உந்த அன்ரனிட்டாவும் அடிக்கடி வந்து போறா. வேதத்துக்கு மாறீட்டியளோ எண்டு சனம் கதைக்குது."

"ஓம், மாறியாச்சு. ஞாயிற்றுக்கிழமை வாரும், சேர்ந்து பாட்டுப் படிப்பம்."

பகிடிக்குச் சொன்னேன். அவள் அதைப் பகிடியாக எடுக்காமல் ஊர் முழுக்கக் கொண்டுபோனாள். சிவராத்திரி கிட்டியதும் கோயில் மனேச்சர் தம்பிஐயா படலையடியில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"அக்கா, இந்தமுறை நீறு சுடுவியளோ?"

எங்கள் வளவில் உமி மூட்டினால் வீடெல்லாம் அந்த மணம்தான். வதனி ஒரு கை அள்ளினாலும் இவ்வளவு நாள் பட்ட பாடு வீண். காரணத்தைச் சொன்னால் அது பொழுது சாய முதல் சந்திக்குப் போய்விடும். சாமி நீற்றைத் தின்று தீர்த்தவள் என்று பிள்ளைக்கும் சேர்த்துப் பேர் வைத்துவிடுவார்கள்.

"ஏலாது தம்பிஐயா. இந்தமுறை வேறை ஆரையும் பாருங்கோ."

அவர் பார்த்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? அன்னப்பிள்ளையை! வேலிக்கு அந்தப் பக்கம் அவள் உருண்டை பிடிக்கிற அழகைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. நல்ல வேளை, அவள் சுட்டது ஊர்க்கோடியில் இருந்த அவளுடைய வயலில். வதனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"மாமி, நான் போய் உண்மையைச் சொல்லட்டே?"

"வாயை மூடிக்கொண்டு ஈரலைத் தின்."

பங்குனி முடிகிற நேரம் அன்ரனிட்டா வந்து இமையை இழுத்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கிளினிக் றிப்போட்டில் இரத்தம் பத்துக்கு மேலே. அந்தக் கிழமை சயந்தன் மறந்துபோய்க் கோயில் திருநீற்றோடு நேரே நான் சமைக்கும் குசினிக்குள் வந்துவிட்டான். வதனி அவன் முகத்துக்குக் கிட்டப் போய் மணந்து பார்த்தாள்.

"ஒண்டும் மணக்கேல்லையே," என்றாள். பிறகு இன்னொருமுறை மணந்தாள். "மாமி, எனக்கு ஒண்டுமே செய்யேல்லை!"

அவன் அவளைக் கட்டிப்பிடித்தான், நான் நிற்பதையும் பார்க்காமல். நான் சட்டியைக் கிண்டினேன். என்றாலும் பிள்ளை பிறக்கும் மட்டும் வீட்டில் நீறு வைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஆடியில் பேத்தி பிறந்தாள். நாள் நிறைந்து, கை கால் கொழுத்து, என்னைப் போலவே பெரிய சத்தத்தோடு. பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்த அன்று சனம் வந்து வீடு நிறைந்தது. அன்னப்பிள்ளையும் வந்தாள், கையில் தான் சுட்ட நீற்றுப் பொட்டலத்தோடு. நாங்கள் வாங்குகிறோமா மறுக்கிறோமா என்று பார்க்கத்தான் கொண்டுவந்தாள் என்பது எனக்குத் தெரியாதா?

வதனி இரண்டு கையாலும் வாங்கினாள். பிள்ளையின் நெற்றியில் ஒரு பொட்டுத் தொட்டு வைத்தாள். பிறகு நிமிர்ந்து எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

"அன்னப்பிள்ளை மாமி, நாங்கள் வேதத்துக்கு மாறேல்லை. எனக்கு இரத்தம் குறைஞ்சு, சாம்பல் தின்னிற வருத்தம் வந்தது. இந்த வீட்டு நீறு முழுக்க நான்தான் திண்டனான். நான் தின்னக்கூடாதெண்டுதான் என்ர மாமி தன்ர நெத்தியையும் அழிச்சவ."

விசரி, இதற்காகவா நான் இத்தனை மாதம் வாயைக் கட்டினேன்! அன்னப்பிள்ளையின் வாய் திறக்கிறது, இன்றைக்கு நான் இவளோடு மல்லுக்கு நிற்கப் போகிறேன் என்று சேலையை இழுத்துச் செருகினேன்.

"என்ர மகன் நிமலன் வயித்திலை இருக்கேக்கை நான் கூரை ஓடு திண்டனான்," என்றாள் அன்னப்பிள்ளை. மெதுவாகத்தான் சொன்னாள். "கோடிப்பக்கம் போய்க் கடிச்சுக் கடிச்சுத் திண்டனான். எனக்கு விசர் எண்டு நினைச்சு ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"அடி பாவி! உங்கட வீட்டுக் கோடிக்கூரை ஒழுகினது அதாலையே?" என்று கேட்டுவிட்டேன். முதலில் சிரித்தது அவள்தான். பிறகு வீடே சிரித்தது.

அந்தச் சத்தத்துக்குள் வதனி என் முன்னால் வந்து நின்றாள். பெரியவர்கள்தான் சின்னவர்களுக்குப் பூசிவிடுவது. அவள் அதைப் பார்க்கவில்லை. மூன்று விரலை நீற்றில் தோய்த்து, என் வெறும் நெற்றியில் இந்தக் காதடியில் இருந்து அந்தக் காதடி மட்டும் இழுத்தாள். விரலில் மிஞ்சியதைத் தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"ஆ எண்டுங்கோ மாமி."

நான் வாயைத் திறந்தேன். அன்னப்பிள்ளை சுட்ட நீறு, சரியாக வேகவில்லை, நறநறவென்று பல்லில் கடிபட்டது. ஒரு சொல்லும் சொல்லாமல் விழுங்கினேன்.