புது நம்பரில் அப்பா

மைசூர் மேட்டகள்ளியில் இருக்கும் அந்த ஆரம்பப் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர் ஜோதிமணி. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம் பிறந்து, மைசூரில் படித்து, இங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். வகுப்பில் கன்னடத்தில் பாடம் நடத்துவார். தமிழ்ப் பிள்ளைகள் தனியாக வந்து பேசினால் தமிழ் தானாக வந்துவிடும்.

கம்ப்யூட்டர் அறையில் பாதி மெஷின்களுக்கு உயிர் கிடையாது. அதைப் பற்றி அவர் அதிகம் கவலைப்பட்டதில்லை. நாலாம் வகுப்புக்கு ஆன்லைன் பாதுகாப்பு பாடம் நடத்த இரண்டே மெஷின் போதும் என்று முடிவு செய்தார். நடுவில் இரும்பு பீரோவை நகர்த்தி வைத்தார். பீரோவுக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கம் இன்னொரு பிள்ளை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. டைப் செய்துதான் பேச வேண்டும். எதிரில் இருப்பது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் உட்கார்ந்தவள் ஜீவிதா. இரட்டைச் சடை, எதற்கும் முதலில் கை தூக்குகிற பெண். எதிர்ப்பக்கத்திலிருந்து 'நான் வினிதா' என்று வந்தது. வினிதா அவளுடைய உயிர்த்தோழி. ஜீவிதாவுக்குக் கை நிற்கவில்லை. வீடு எந்தச் சந்தில் இருக்கிறது, அம்மா ஊதுபத்தி ஃபேக்டரியிலிருந்து இருட்டிய பிறகுதான் வருவாள், சாவி துளசித் தொட்டிக்கு அடியில் இருக்கும், எல்லாவற்றையும் எழுதிவிட்டாள்.

பீரோவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தவன் பரத். வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. ஜீவிதாவின் உதடு கோணியது. அடுத்த நிமிடம் அழுகை.

ஜோதிமணி அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "எதுக்குக் கண்ணு அழுவற?"

"வினிதான்னு நெனச்சேன் மிஸ்."

"யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க. நானே நெனச்சிருப்பேன். இங்க ஏமாந்தா அழுதுட்டுப் போயிரலாம். வெளிய ஏமாறக் கூடாதுல்ல? அதுக்குத்தான் இந்த வெளையாட்டு."

அன்று அவர் சொல்லிக் கொடுத்தது எளிமையான பாடம். தெரியாதவர்களுக்குப் போட்டோ அனுப்பக் கூடாது. பள்ளி எது, வீடு எங்கே என்று சொல்லக் கூடாது. யாராவது 'அம்மாவிடம் சொல்லாதே' என்றால், அந்த நொடியே அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். தெரிந்தவர் என்று சொல்லிக்கொண்டு வந்தால், நிஜமாகத் தெரிந்தவருக்கு மட்டும் பதில் தெரிகிற ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்.

"குரல் கேட்டா நம்பலாமா மிஸ்?" என்று வினிதா கேட்டாள்.

"இப்பல்லாம் குரலையும் மெஷின் பேசிருது."

பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஜீவிதா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டாள்.

அவள் எவ்வளவு கவனமாகக் கேட்டாள் என்பது மறுநாளே தெரிந்தது. ஜோதிமணி வழக்கமாகச் சேலை கட்டி வருபவர், அன்று சுடிதார் போட்டிருந்தார். அறை வாசலில் ஜீவிதா கையை விரித்து வழியை மறித்தாள்.

"நேத்து எங்கள என்ன படம் வரையச் சொன்னீங்க?"

"மாம்பழம்," என்றார் ஜோதிமணி, சிரிக்காமல்.

"சரி, உள்ள வாங்க மிஸ்."

ஜீவிதாவின் அப்பா சந்திரனுக்கு சென்ட்ரிங் வேலை. தர்மபுரிப் பக்கத்துக்காரர். கல்யாணமான புதிதில் பிழைப்புக்காக மைசூருக்கு வந்த குடும்பம். சில மாதங்களாக அவருக்கு மங்களூரில் ஒரு பெரிய கட்டடத்தில் வேலை. அம்மா பஞ்சவர்ணம் ஊதுபத்தி பேக்கிங் செய்பவள். பள்ளி விட்டு வந்து மகள் தனியாக இருக்க வேண்டுமே என்று செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள்.

தசரா லீவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஜீவிதா வீட்டுக்கு வந்து யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை, போன் மினுங்கியது. தெரியாத நம்பர். கன்னடத்தில் ஒரு மெசேஜ்.

'புட்டி, நான் அப்பா. இது என் புது நம்பர். யூனிஃபார்மில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. தலையிலிருந்து கால் வரை தெரிய வேண்டும். அம்மாவிடம் சொல்லாதே.'

ஜீவிதா அதை இரண்டு முறை படித்தாள். அப்பாவுக்குக் கன்னடம் பேச வரும், எழுத ஒரு எழுத்து வராது. அப்பா அவளைப் புட்டி என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. பாப்பா என்றுதான் சொல்வார். அதற்கு மேல் போட்டோ, அதற்கு மேல் அம்மாவிடம் சொல்லாதே. மிஸ் சொன்ன எல்லாமே ஒரே மெசேஜில் இருந்தன. அந்த நம்பரை பிளாக் செய்தாள். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் வேறொரு நம்பரிலிருந்து போன் வந்தது. பின்னால் கான்கிரீட் மிக்ஸர் ஓடுகிற இரைச்சல்.

"பாப்பா, அப்பா பேசறேம்மா."

அப்பா குரல் மாதிரியே இருந்தது. பாப்பா என்றும் சொல்கிறது. ஜீவிதாவுக்கு உடனே அழுதுவிடலாம் போல இருந்தது. ஆனாலும் மெஷின் குரலும் இப்படித்தானே இருக்கும்?

"என் பெஸ்ட் ஃப்ரெண்ட் பேரு என்ன?" என்று கேட்டாள்.

"என்னா?"

"நீ எங்கப்பான்னா சொல்லு. என் பெஸ்ட் ஃப்ரெண்ட் பேரு என்ன?"

மிக்ஸர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏய், என்னா வெளாட்டு இது? அம்மா வந்துட்டாளா?"

"பேரு சொல்லு."

"பேரு... திவ்யாவா?"

கட். அந்த நம்பரும் பிளாக்.

பஞ்சவர்ணம் வந்ததும் ஜீவிதா எல்லாவற்றையும் சொன்னாள். பஞ்சவர்ணம் புருஷனின் பழைய நம்பருக்குப் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி மறுபடி போட்டாள். இவருக்கு என்ன ஆயிற்று, பிள்ளை தனியாக இருப்பது எவனுக்குத் தெரிந்தது என்று இரண்டு பயமும் சேர்ந்து அவளைப் பிடித்துக்கொண்டன. மறுநாள் காலை வேலைக்குப் போகாமல் மகளைக் கூட்டிக்கொண்டு நேராகப் பள்ளிக்கு வந்தாள்.

"மிஸ், இதக் கொஞ்சம் பாருங்க."

ஜோதிமணி மெசேஜைப் படித்தார். பாடம் நடத்துவது வேறு, அந்தப் பாடம் ஒரு பிள்ளையின் வீட்டுக்குள் இப்படி வந்து நிற்பதைப் பார்ப்பது வேறு. ஜீவிதாவை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நீ சரியாப் பண்ணியிருக்கற கண்ணு. ரொம்பச் சரி."

இருவரையும் தலைமையாசிரியை லிங்கம்மாவின் அறைக்குக் கூட்டிப் போனார். லிங்கம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு "ஏனாயித்து?" என்றார். என்ன ஆயிற்று என்று கேட்டவர், படித்து முடித்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். போலீஸ் ஸ்டேஷனுக்கு இப்போதே போகலாம், நானும் வருகிறேன் என்றார்.

அப்போதுதான் ஆயா வந்து வாசலில் நின்றாள். கேட்டில் ஒரு ஆள் நிற்கிறான், ஜீவிதாவின் அப்பா என்று சொல்கிறான் என்றாள்.

"கேட்டைத் திறக்காதே!" என்றார் லிங்கம்மா கன்னடத்தில். ஜோதிமணி ஜீவிதாவின் தோளை இறுக்கிப் பிடித்தார். பஞ்சவர்ணம் மட்டும் விறுவிறுவென்று வெளியே நடந்தாள். கேட் கம்பிக்கு அப்பால் பார்த்தாள். மழிக்காத முகம், சிவந்த கண், தோளில் ஒரு பை.

"யோவ்!" என்று கத்தினாள். அதற்கு மேல் பேச்சு வராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

லிங்கம்மா நாற்காலி போடச் சொன்னார். ஆயா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சந்திரன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு நடந்ததைச் சொன்னார். போன் சட்டைப் பையிலிருந்து நழுவி, கொட்டிக்கொண்டிருந்த கான்கிரீட்டுக்குள் விழுந்துவிட்டது. சிம் வேறு யாரோ பேரில் வாங்கியது, அதனால் அதே நம்பர் கிடைக்கவில்லை. மனைவியின் நம்பர் ஒன்றுதான் மனப்பாடம். புது சிம் வாங்கினார். மகளுக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் கூட வேலை செய்யும் கிரணைக் கன்னடத்தில் எழுதித் தரச் சொன்னார்.

"புட்டின்னு போட்டதும் அவன்தான். செல்லமா இருக்கும்னான். பதில் வரல, போன் போட்டாலும் போகல, அதான் அவன் போன்ல இருந்து பேசினேன்."

"போட்டோ எதுக்குக் கேட்ட?" என்றாள் பஞ்சவர்ணம்.

"தசராவுக்குப் பாவாடை சட்டை எடுக்கலாம்னுதான். கடக்காரன் எவ்ளோ உயரம்னு கேட்டான். இந்த அளவுன்னு கையக் காட்டினேன்." சந்திரன் தன் இடுப்புக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினார். "எனக்கே சந்தேகமா இருந்துச்சு. போட்டோ இருந்தா அவனே பாத்துக் குடுப்பான்ல. உனக்கும் ஒரு சேல எடுத்திருந்தேன். அதான் சொல்லாதன்னேன்."

பஞ்சவர்ணம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

ஜீவிதா ஜோதிமணிக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். அப்பா அடிப்பார் என்று நினைத்தாளோ என்னவோ. ஜோதிமணிக்கும் சங்கடமாக இருந்தது. பெற்ற அப்பனையே வெளியே நிறுத்தும்படி சொல்லிக் கொடுத்தது அவர்தானே.

"அண்ணா, அவ மேல கோவிச்சுக்காதீங்க. நான் சொல்லிக் குடுத்ததத்தான் செஞ்சிருக்கறா. வேணும்னா என்னத் திட்டுங்க."

"கோவமெல்லாம் இல்ல டீச்சர்." சந்திரன் காலி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "கோவத்துல வரல. அவ ஃப்ரெண்டு பேரு கேட்டா பாருங்க. எனக்குத் தெரியல. பொண்ணு கட் பண்ணிட்டா. அப்புறம் ஒரு வேலையும் ஓடல. என்ன பேரு, என்ன பேருன்னு அதேதான் மண்டக்குள்ள. மேஸ்திரிகிட்ட சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். மடிக்கேரி வர்ற வரைக்கும் நெனச்சுப் பாத்தேன். வரவே இல்ல."

லிங்கம்மாவுக்குத் தமிழ் பாதிதான் புரியும், இருந்தாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஜீவிதா மெல்ல முன்னால் வந்தாள். "வினிதா," என்றாள்.

"வினிதா," என்று சந்திரன் திருப்பிச் சொன்னார். எழுந்து மகளைக் கிட்டே நிறுத்திக் கையால் அளந்து பார்த்தார். தலை அவர் நெஞ்சுக்கு வந்தது. "எப்படி பாப்பா இப்படி வளந்துட்ட?"

அவள் அவரைக் குனியவைத்துக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு ஜோதிமணி போனை ஜீவிதாவிடம் கொடுத்து, அப்பா நம்பரை பிளாக் லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். அவள் விரல் பழக்கமாக ஓடியது. திரையை எட்டிப் பார்த்த பஞ்சவர்ணம், "அது யாரு நம்பரு? எங்க சூப்பர்வைசர் நம்பர் மாதிரி இருக்குதே!" என்றாள்.

"அந்த அங்கிள் உங்கம்மா எங்கன்னு கேட்டாரும்மா. யாருன்னு கேட்டேன், சொல்லல."

"அடிப்பாவி! அதான் அந்த மனுஷன் என்கிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருக்கறாரா?"

அதற்கும் கீழே இன்னொரு நம்பர் இருந்தது. ஜோதிமணி குனிந்து பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"கண்ணு, இது என்ற நம்பரு."

"கொத்து மிஸ்," என்றாள் ஜீவிதா. தெரியும் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்தாள். "ஆனா அது நீங்கதானான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

முதலில் சிரித்தவர் லிங்கம்மா. சந்திரன் சிரித்துச் சிரித்து இருமினார். ஜோதிமணி சுவரில் சாய்ந்துகொண்டார்.

அன்று மதியம் ஜோதிமணி தன் பாடத்தை நினைத்துப் பார்த்தார். பிள்ளைகளுக்குக் கதவை மூடச் சொல்லிக் கொடுத்தாயிற்று, யாருக்கு எப்படித் திறப்பது என்று சொல்லித் தரவில்லை. அதைப் பிள்ளைகளிடம் மட்டும் சொன்னால் போதாது, பெற்றவர்களும் வர வேண்டும் என்று தோன்றியது. சனிக்கிழமை வரச் சொல்லி எல்லா வீட்டுக்கும் சொல்லி அனுப்பினார்.

பாதிப் பேர்கூட வரவில்லை. வந்தவர்கள் பிள்ளைகளின் சின்ன நாற்காலிகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள். ஜோதிமணி சொன்னது இதுதான்: ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ரகசிய வார்த்தை இருக்கட்டும். புது நம்பரிலிருந்து கூப்பிட்டால் முதலில் அந்த வார்த்தை. அது வீட்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது. வார்த்தை தெரியாத யாருக்கும் பிள்ளை பதில் சொல்ல வேண்டாம், அதற்காகப் பிள்ளையை யாரும் திட்டவும் வேண்டாம்.

அறை முழுக்கக் கிசுகிசு. பரத்தின் அப்பா கிரிக்கெட் என்றார், அதை ஊரே கண்டுபிடித்துவிடும் என்று பரத் தலையில் அடித்துக்கொண்டான். சந்திரன் சாமி பேர் ஒன்று சொன்னார். ஜீவிதா வேண்டாம் என்றாள். கட்டடம் சம்பந்தமாக ஏதோ சொன்னார். அதுவும் வேண்டாம். கடைசியில் பஞ்சவர்ணம் மகளின் காதில் எதையோ சொன்னாள். ஜீவிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதை அப்பா காதுக்குக் கடத்தினாள். சந்திரன் காது மடல் சிவக்க, "அதையாடி வெக்கிறது?" என்று மனைவியைப் பார்த்தார்.

"என்ன கண்ணு வார்த்த?" என்று ஜோதிமணி ஆசையாகக் கேட்டார்.

"உங்களுக்குச் சொல்லக் கூடாது மிஸ்."

அடுத்த வாரம் சந்திரன் மங்களூர் திரும்பினார். இப்போதெல்லாம் தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும் போன் செய்கிறார். இன்றைக்கு வகுப்பில் என்ன நடந்தது, யார் யாரோடு சண்டை, மதியச் சாப்பாட்டில் எதை மிச்சம் வைத்தாள், ஒன்றையும் விடுவதில்லை. தான் ஃபேக்டரியிலிருந்து வருவதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது என்று பஞ்சவர்ணம் ஜோதிமணியிடம் குறைப்பட்டுக்கொண்டாள். சொல்லும்போது அவள் முகத்தில் குறை எதுவும் தெரியவில்லை.