வேல்ராஜ் வீட்டு வாசல்

மேசைமேல் இருபத்தேழு விடைத்தாள்கள் கிடந்தன. எல்லாவற்றிலும் ஒரே பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு.

"யாரு இந்த வேல்ராஜ்? எந்தப் புஸ்தகத்துல இருக்கார்?" என்று கேட்டார் பொருளாதாரம் நடத்தும் ரஞ்சனா மேடம்.

"எங்க பக்கத்து வீட்டு அண்ணாச்சி, மேடம்," என்றாள் இசக்கிசெல்வி.

பிழை அவளுடையதுதான். தாராவிக் குழாயடியில் காலையில் தண்ணீர் பிடித்தபடியே கூடப் படிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் பாடத்தைப் பேசி அனுப்புவாள். ஆங்கிலப் புத்தகம் அவர்களுக்கு ஏறாது. தமிழில் எழுதிப் போட்டால் வாசிக்கத் திணறுவார்கள். காதில் விழுந்தால் பிடித்துக்கொள்வார்கள். ஒரு பொருள் கூடக்கூட அடுத்ததன் பயன் குறையும் என்பதற்குத் தண்ணீரையே சொன்னாள். முதல் ஹண்டா குடத்துத் தண்ணீருக்குச் சண்டை. ஐந்தாவது துணிக்கு. பத்தாவது என்று இழுத்தபோது அம்மாவின் குரலும் பதிவுக்குள் விழுந்தது: "ஏட்டி, மிச்சத்த வேல்ராஜ் வீட்டு வாசல்ல ஊத்து." அவள் அதை அழிக்கவில்லை. இருபத்தேழு பேரும் பரீட்சையில் அப்படியே எழுதிவிட்டார்கள்.

"இது காப்பி. மன்னிப்புக் கடிதத்துல கையெழுத்துப் போட்டுட்டு குரூப்பைக் கலைச்சுடு. இல்லேன்னா ஃபைனல் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது."

இசக்கிசெல்வி கதவுப் பக்கம் பார்த்தாள். போன வருடம் இதே பாடத்தில் பதினோரு பேர் தோற்றுப்போனார்கள். அப்போது யாரும் அவர்களைக் கூப்பிட்டு எதுவும் கேட்கவில்லை.

"வெளிய ஹாஃபிஸா நிக்கா, அவளும் அந்த இருபத்தேழுல ஒருத்தி. கூப்பிட்டுக் கேளுங்க. தண்ணி வேண்டாம், அண்ணாச்சியும் வேண்டாம். வேற உதாரணம் கேளுங்க."

ஹாஃபிஸா வந்தாள். தரையைப் பார்த்தாள்.

"லெக்சர், மேடம். காலைல மொதலாவது நல்லாப் புரியும். ரெண்டாவது கொஞ்சம். அஞ்சாவதுல ஒண்ணும் ஏறாது."

"அஞ்சாவது யாரோடது?"

"உங்களுது, மேடம்."

மேடம் விடைத்தாள்களை அடுக்கினார்.

"உதாரணம் சரி," என்றார் மேடம் கடைசியில். "ஆனா ரூல்னா ரூல்தான்." கடிதத்தை முன்னால் தள்ளினார்.

இசக்கிசெல்வி பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், பழக்கமில்லாத தமிழ் எழுத்துகளைக் கோணல் கோணலாக இறக்கினாள்: 'பாடம் சொன்னேன். மன்னிப்பு கேக்க மாட்டேன்.'

"பிரின்சிபால்ட்ட இதையா காட்டறது?"

"இதையே காட்டுங்க."

மறுநாள் காலை குழாயில் தண்ணீர் வந்தது. ஹண்டாவை வைத்துவிட்டு அவள் செல்போனை வாயருகே கொண்டுபோனாள்.

"ஹால் டிக்கெட் இன்னும் வரல. குரூப்பு இருக்கு. ஆறாவது பாடம், கேளுங்க."