சடையன், ஆண், வயது இருபத்திரண்டு

மலை ஏற்றத்தில் மூன்றாவது முறையாக ஆட்டோ நின்றுவிட்டது. "எறங்கிக்குங்கம்மா. நீங்க ரெண்டு எட்டு நடந்தீங்கன்னா அது ஏறிடும்" என்றான் மோகன். அமுதவல்லி மடியிலிருந்த பிளாஸ்டிக் உறையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். உறைக்குள் ஒரே ஒரு தாள். பூபாலன் என்கிற ஆசிரியர் மேல்கொல்லை உள்ளிட்ட நான்கு குடியிருப்புகளில் 1991ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணிக்கு நியமிக்கப்படுகிறார் என்று தட்டச்சில் அடித்த உத்தரவு. பூபாலன், அவள் கணவர், இறந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் அவருடைய பழைய சான்றிதழ்க் கோப்பில் அது அகப்பட்டது. முப்பத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தத் தாளை அவள் பார்த்ததில்லை.

அவர் எழுதியதையெல்லாம் இரண்டு தொகுதியாகப் போடுகிறார் பதிப்பாளர் சிவசங்கர். கதைகள் ஒன்று, கட்டுரைகள் ஒன்று. எல்லாம் பிரித்தாகிவிட்டது. ஒன்று மட்டும் நிற்கிறது என்று தொலைபேசியில் சொன்னார். "சென்சஸ்ல மரத்த எழுதுனாரே, அதுதாங்க்கா. நாலு எடத்துல கதைன்னு போட்டிருக்காரு, மூணு எடத்துல கட்டுரைன்னு போட்டிருக்காரு. நடந்ததா இல்லியான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

"ரெண்டுலயும் போட்டுடேன்" என்றாள் அமுதவல்லி.

"சிரிப்பாங்கக்கா."

கதை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அந்தச் சம்பவத்தை அவர் சொல்லாத மேடை இல்லை. மலையில் கணக்கெடுக்கப் போன இடத்தில் ஒரு வீட்டுக்காரி, தங்கள் வீட்டில் ஐந்து பேர் என்கிறாள். இவர் எண்ணினால் நான்கு பேர்தான். ஐந்தாவது ஆள் எங்கே என்று கேட்டதற்கு அவள் வாசலிலிருந்த பலா மரத்தைக் காட்டுகிறாள். அவனை எழுதாவிட்டால் யாரையும் எழுத வேண்டாம் என்று படியில் உட்கார்ந்துகொள்கிறாள். பொழுது சாய்கிறது. இவர் எழுதுகிறார். பெயர் சடையன். குடும்பத் தலைவருக்கு உறவு, மகன். ஆண். வயது இருபத்திரண்டு. மணமானவரா, இல்லை. எழுதப் படிக்கத் தெரியுமா, தெரியாது. வேலை, எதுவும் செய்வதில்லை. இந்த இடத்தில் கூட்டம் சிரித்துவிடும். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "ஆகவே நண்பர்களே, நம் தேசத்தின் கணக்கில் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்று முடித்துவிட்டு உட்காருவார்.

முதல் சிரிப்பு அமுதவல்லியுடையது. பெண் பார்க்க வந்தவர்களில் அவர் ஐந்தாவது. முன்னால் வந்த நான்கு பேரும் பாடத் தெரியுமா, மிஷின் தைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். இவர் ஒன்றும் கேட்காமல், காபி டம்ளரை வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொன்னார். அவளால் அடக்க முடியவில்லை. அம்மா முதுகில் கிள்ளினாள். கிள்ளியதற்கும் சேர்த்துச் சிரித்தாள். "அந்த மரத்துக்கு இன்னா பேரு எழுதுனீங்க?" என்று, மாப்பிள்ளையிடம் பெண் பேசக் கூடாத நேரத்தில் பேசினாள். அவர் உடனே பதில் சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு சொன்னார், "சடையன்."

தனக்காக அந்த நிமிடத்தில் ஒரு பெயரை உண்டாக்கினார் என்றுதான் இத்தனை வருடமும் அவள் நினைத்திருந்தாள். அவர் கையெழுத்து யாருக்கும் புரியாது. பத்திரிகைக்குப் போகும் பிரதிகளை அவள்தான் எழுதிக் கொடுத்தாள். இரண்டாவது தடவை எழுதும்போதே கவனித்துவிட்டாள்: வீட்டு வாசலில் பலாப்பழ வாசம் தூக்கியது என்று எழுதியிருந்தார். கணக்கெடுத்தது மாசி மாதம். மாசியில் ஏது பலாப்பழம்? பொய். அவள் அதைக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதே, தான் அவருக்குச் செய்த மரியாதை என்று இருந்துவிட்டாள். ஒரு பெண்ணைச் சிரிக்க வைப்பதற்காக ஒருவர் சொன்ன பொய்யில் வாழ்க்கை ஆரம்பித்திருக்கிறது, இருக்கட்டும். ஆனால் இந்தத் தாள் பொய்யில்லை. முத்திரை இருக்கிறது.

ஆட்டோ ஏறிவிட்டது. விஷயத்தைக் கேட்ட மோகன் விழுந்து விழுந்து சிரித்தான். "மரத்த எழுதுனாரா! நல்லவேள ஓட்டர் லிஸ்ட் எடுக்க வர்ல. எங்க மலையில காட்டுக்கே ஓட்டு இருந்திருக்கும்." திரும்பிப் பார்த்துச் சொன்னான், "மலைக்காரன்னா எது சொன்னாலும் நம்புவாங்கல்ல கீழ?" சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளுக்கு முகம் சுட்டது. அந்தப் பக்கத்திலிருந்து அவள் அந்தக் கதையைக் கேட்டதே இல்லை.

மேல்கொல்லையில் பதினெட்டு வீடுகள். முதல் வீட்டு வாசலில் ஒரு பெரியவர் முறத்தில் விதைச் சாமையைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "யோவ் பெருசு, வாசல்ல பலா மரம் வச்சிக்கினு இருக்கிற வூடு எது?" என்றான் மோகன்.

அவர் நிமிரவில்லை. "எல்லார் வூட்டுலயும்தான் கீது. யாரு வூட்டுப் பலா?"

அமுதவல்லி முன்னால் வந்து, பெயரை உள்ளங்கையில் வைத்து நீட்டுவதுபோல மெதுவாகச் சொன்னாள். "சடையன்னு..."

"சடையன் வூடா? கடேசி."

பெயர் இருக்கிறது. அப்படியானால் அந்த மௌனத்தில், டம்ளரை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்த அந்த மௌனத்தில், அவர் பெயரை உண்டாக்கவில்லை. வேறு என்ன செய்துகொண்டிருந்தார்?

கடைசி வீட்டில் ஈஸ்வரி இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வந்தவள் யார், எதற்கு என்று கேட்பதற்கு முன்னால் தண்ணீர் கொடுத்தாள். கேட்ட பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இதாங்க்கா சடையன்" என்று வாசல் மரத்தைக் காட்டினாள். இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும் என்கிற பருமன். அடிமரத்திலிருந்தே காய்கள். "எங்க அத்த கெங்கம்மா அப்டிதான் கூப்புடும். மொத சோறு இதுக்குதான். அத்த போயி ஆறு வருசமாச்சி, நானும் ஒரு கை வச்சிட்டுதான் துன்றேன். ஏன்னு கேட்டதில்ல. உங்க வூட்டுக்காரரு எழுதிக்கினு போயிருக்காரா? எங்க அத்த உட்டிருக்காது, எழுத வச்சிருக்கும்."

அமுதவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. நடந்திருக்கிறது. அந்தப் படி இதுதான். மாசி மாதத்துப் பழ வாசம் மட்டும் அவர் சேர்த்தது. அது பரவாயில்லை, எழுத்தாளர்தானே. கட்டுரை. இப்போதே சிவசங்கருக்குச் சொல்லிவிடலாம் என்று கைபேசியை எடுத்தாள். சிக்னல் இல்லை.

முறத்தோடு பெரியவர் பின்னாலேயே வந்திருந்தார். பெயர் சக்கரவர்த்தி என்று மோகன் சொன்னான். படியின் ஓரத்தில் உட்கார்ந்து பழையபடி கல் பொறுக்கத் தொடங்கினார். "மரத்துக்கு எப்ப பேரு வச்சாங்க? சடையன் அவ மொத புள்ள" என்றார்.

"மாமா, நீ சும்மா இரு" என்றாள் ஈஸ்வரி.

"இன்னா சும்மா இரு? இவங்க மெனக்கெட்டு கீழருந்து வந்துகிறாங்க." முறத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பதினாறு வயசு வரைக்கும் நல்லாதான் இருந்தான். அப்புறம் புத்தி போச்சி. அவுத்து உட்டா காட்டுக்குள்ள ஓடிடுவான். அவ கொல்ல வேலைக்குப் போவும்போது இந்த மரத்துல இடுப்போட கட்டிட்டுப் போவா. வந்து அவுத்து, தண்ணி ஊத்தி, சோறு ஊட்டுவா. ஒரு நாள் அடிச்சதில்ல. அவளும் மாடு மேரி ஒழைச்சவ, வேற இன்னா பண்ணுவா?"

மோகன் பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"கணக்கெடுக்க ஒரு வாத்தியார் வந்தாரே, ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கினு" என்றாள் அமுதவல்லி. "அவரு வந்தப்போ... இருந்தாரா?"

"வாத்தியார் வந்தாரு. சைக்கிள தள்ளிக்கினே வந்தாரு. ஏறி ஒரு நாளும் பாத்ததில்ல." ஒரு கல்லை எடுத்து எறிந்தார். "சடையன் இருந்தான்னுதான் நெனைக்கிறேன்." இன்னொரு கல். "செத்துட்டானோ? இல்ல... பெரிய மழ பேஞ்சுதே, அதுக்கு அடுத்த வருசம் போனான். மழ எந்த வருசம்னு கேக்காதீங்க."

"எங்க வூட்டுக்காரரு பொறக்கறதுக்கு முன்னாடியே போய்ட்டாருன்னு அத்த சொல்லியிருக்குது" என்றாள் ஈஸ்வரி. "போன புள்ள பேர மரத்துக்கு வச்சிது. அவ்ளோதாங்க்கா."

"உங்க வூட்டுக்காரரு பொறந்தது எப்ப?"

ஈஸ்வரி உள்ளே போய் ஆதார் அட்டையைக் கொண்டுவந்தாள். 01.06.1989. அமுதவல்லி விரலை மடக்கி எண்ணத் தொடங்கும்போது மோகன் சொன்னான், "அத நம்பாதீங்கம்மா. எனக்கும் ஜூன் ஒண்ணுதான். இதோ பெருசுக்கும் ஜூன் ஒண்ணு. ஸ்கூல் சேக்கும்போது வாத்தியாருங்க அவங்களா ஒரு வருசத்தப் போட்டு எழுதுனது."

வாத்தியார்கள் எழுதியது. அதைக்கூட அவரே எழுதியிருக்கலாம்.

அவள் எழுந்து மரத்தருகே போனாள். பட்டையில் ஒரு தடம் ஓடியது. கயிறு அழுத்தி அழுத்திப் பதிந்து, பிறகு இரண்டு பக்கமும் உதடுபோலத் தடித்து மூடிக்கொண்ட தடம். விரலை வைத்தால் முதல் கணு வரை போனது. அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது. "மாடு கட்டுனதுங்க" என்றாள் ஈஸ்வரி பின்னாலிருந்து. சக்கரவர்த்தி முறத்திலிருந்து இன்னொரு கல்லைப் பொறுக்கினார். மரம் வளர்ந்தால் தழும்பும் கூடவே மேலே ஏறுமா, இருந்த இடத்திலேயே நிற்குமா? ஐம்பத்தெட்டு வயதாகிறது, இது அவளுக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

அவர் எழுதிய பதில்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். மகன். ஆண். மணமாகவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. வேலை எதுவும் செய்வதில்லை. மரத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. இடுப்பில் கயிறோடு மரத்தில் சாய்ந்து நிற்கிற இருபத்திரண்டு வயதுக்காரனுக்கும் ஒரு சொல் மாறாமல் பொருந்துகிறது. அந்தத் தாய் விரல் நீட்டியபோது விரல் எதைக் காட்டியது? அவர் பார்த்தாரா, பார்த்துவிட்டுத் தாங்க முடியாமல் அவனை மரமாக்கினாரா, இல்லை பார்க்க ஒருவரும் இல்லாத வெறும் மரத்தைத்தான் பார்த்தாரா?

அப்போதுதான் அது நினைவு வந்தது. கல்யாணமான புதிதில், முதல் பிரதி எழுதும்போது, அவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. *நான் பெயர் எழுதும்போது அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.* அவள் பேனாவை நிறுத்தி, "மரம் எப்டிங்க பாக்கும்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவர் கொஞ்ச நேரம் அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, எடுத்துடு" என்றார். அவள் எடுத்துவிட்டாள். அச்சில் வந்த ஏழு தடவையும் அந்த வரி வரவில்லை. அப்படி ஒரு வரி இருந்ததா? இப்போது, இந்தத் தடத்தில் விரலை வைத்துக்கொண்டு, தானே உண்டாக்குகிறாளா? அந்தத் தாள் இல்லை. பிரதி எடுத்ததும் மூலத்தை அடுப்பில் வைக்கிற பழக்கம் அவருக்கு.

கிளம்பும்போது ஈஸ்வரி மரத்திலிருந்து ஒரு பழத்தை அறுத்துக் கொடுத்தாள். "வாணாம்மா, எப்டி தூக்கிக்கினு போவேன்" என்றதற்கு, "வூட்டுக்கு வந்தவங்கள வெறுங்கையோட அனுப்புனா அவன் கோச்சிக்குவான்" என்றாள். யார் என்று அமுதவல்லி கேட்கவில்லை. காம்பிலிருந்து வடிந்த பால் அவள் விரல்களில் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டது.

மோகன் காவலூரில் இறக்கிவிட்டுப் பேருந்து வரும்வரை நின்றான். தூரத்தில் மரங்களுக்கு மேல் வானாய்வுக் கூடத்தின் வெள்ளைக் கூரை வெயிலில் கிடந்தது. "எதுக்குமா இத இவ்ளோ நோண்டுறீங்க? அவரு நல்லாதான எழுதுனாரு" என்றான். பேருந்து வந்ததும் பழத்தைத் தூக்கி இருக்கையில் வைத்துவிட்டு இறங்கிக்கொண்டான்.

நடத்துநர் இரண்டு சீட்டு கிழித்தார். "லேடீஸ்க்கு காசு கெடையாதும்மா. இது ஆள் கனம் கீது, இதுக்குதான் லக்கேஜ் போடணும்." காசில்லாத சீட்டு அவளுக்கு. காசு கொடுத்த சீட்டு பக்கத்து இருக்கைக்கு. இரண்டும் விரலில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றன.

கைபேசியில் சிக்னல் வந்தது. சிவசங்கர் கேட்டிருந்தார், "அக்கா, எந்தத் தொகுதி?" அவள் பதில் அடிக்கத் தொடங்கினாள். *க* விழுந்தது. கதைக்கும் கட்டுரைக்கும் முதல் எழுத்து ஒன்றுதான். இரண்டாவது எழுத்துக்கு விரல் போனபோது பால் படிந்த நுனியைத் திரை ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்தாள். போகவில்லை. ஒற்றை எழுத்து திரையில் நின்றது.

முதல் கொண்டை ஊசி வளைவில் பழம் உருண்டு இருக்கையின் விளிம்புக்குப் போனது. "கட்டிப் போடும்மா, ஓடிடப் போவுது" என்றார் நடத்துநர். முன் இருக்கையில் யாரோ சிரித்தார்கள். அமுதவல்லி பையிலிருந்து துண்டை எடுத்தாள். பழத்தின் நடுவில் சுற்றி, இரண்டு முனையையும் ஜன்னல் கம்பிக்குக் கொண்டுபோய் முடிச்சுப் போட ஆரம்பித்தவள், பாதி முடிச்சில் கையை நிறுத்தினாள். துண்டை உருவி மடியில் போட்டுக்கொண்டாள். அடுத்த வளைவு வருவதற்குள் நகர்ந்து உட்கார்ந்து, அந்த முள்ளுத் தோலைச் சுற்றிக் கையைப் போட்டு, தன் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டாள். மலை இறங்கி முடிய இன்னும் எத்தனை வளைவுகள் என்று அவளுக்குத் தெரியாது. கையை உறுத்திற்று. எடுக்கவில்லை.